கரையைப் பார்க்காதவன்

ஆன்ஸ் மிராய், டொபேகோ
ஜனவரி 12, 1988

அன்புள்ள ஆன்சிலுக்கு,

லிஸ்ட்ரா எழுதுவது. நான் நலம். அந்தப் பனியில் நீயும் நலமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. நல்ல நீல நிறம், கழுத்தில் பூ வேலை. இந்த வெயிலில் அதை எப்போது போடுவது என்று மட்டும் நீ எழுதவில்லை. இத்தனை வருடத்தில் நீயாக எனக்கு ஒரு கைக்குட்டைகூடத் தேர்ந்தெடுத்ததில்லை. கடையில் யார் கூட இருந்து எடுத்துக் கொடுத்தார்களோ, நல்ல ரசனைக்காரர்கள்தான். மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

உன்னோடு கனடாவுக்கு வேலைக்குப் போன ஃபிட்ஸ்ராயும் மற்றவர்களும் கிறிஸ்துமஸுக்கு முன்பே ஊர் வந்துவிட்டார்கள். ஆப்பிள் தோட்டத்தில் உன்னோடு ஒரே கொட்டகையில் படுத்து எழுந்தவன் ஃபிட்ஸ்ராய். ஆன்சில் எப்படி இருக்கிறான் என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி அதற்குள் எட்டிப் பார்க்கிறான். தொப்பிக்குள் நீயா இருக்கிறாய்? குளிர்காலத்தில் கிளை வெட்ட முதலாளி உன்னை மட்டும் நிறுத்திக்கொண்டார் என்றும், ஈஸ்டருக்கு வந்துவிடுவாய் என்றும் எழுதியிருந்தாய். சரி, நம்பிக்கொண்டிருக்கிறேன்.

படகு நன்றாக ஓடுகிறது. இந்த முறை வெள்ளைக்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். முகத்தில் கண்ணாடியை மாட்டி, வாயில் மூச்சுக்குழாயைக் கவ்வினால் பாதிப் பேருக்கு நீச்சல் மறந்துபோகிறது. சொல்லச் சொல்லக் கேட்காமல் பவளத்தின் மேல் காலை ஊன்றி நிற்கிறார்கள். போன வாரம் ஒருவர் அஞ்சாளை மீனைப் பாம்பு என்று நினைத்துப் படகில் ஏறியவர் கரை வரும் வரை காலைத் தொங்கப் போடவில்லை. ஆனாலும் எட்டா டீச்சரைப் பார்த்துவிட்டால் எல்லாரும் குழந்தைகளாகிவிடுகிறார்கள். நீ பெயர் வைத்த அந்த அழுங்கு ஆமை இன்னும் அதே பாறை இடுக்கில்தான் இருக்கிறது. உன் பள்ளிக்கூட டீச்சரைப் போலவே இன்னும் முறைக்கிறது. ஓட்டின் ஓரத்தில் அந்த உடைசலும் அப்படியே இருக்கிறது.

இனி, உன்னிடம் கேட்கவேண்டியதைக் கேட்கிறேன். மேட்டு விடுதியில் வேலை பார்க்கும் ஜாய்ஸ்லின் நேற்று வழியில் என்னை நிறுத்தினாள். வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் போனில் அறை கேட்டாளாம். கேட்டுவிட்டு, "முனையில நிக்கிற வாதுமை மரமும், அதுக்குப் பின்னாடி சர்ச் கூரையும் அறையிலேர்ந்து தெரியுமா?" என்றாளாம். "கடல் தெரியுமான்னு கேப்பாங்க, மரம் தெரியுமான்னு கேக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்று ஜாய்ஸ்லின் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அது நம் அடையாளம் அல்லவா!

வாதுமை மரத்தின் உச்சியில் சர்ச்சின் சிவப்புக் கூரை வந்து உட்கார வேண்டும். கறுப்புப் பாறையின் பிளவுக்குள் தூரத்து மலை தெரிய வேண்டும். இரண்டும் சேரும் இடத்தில் நங்கூரம் போட்டால் நேர் கீழே எட்டா டீச்சர். உன் அப்பா இதை உன் அம்மாவிடமும், படகு உன் கைக்கு வந்தபோது உன்னிடமும் மட்டும்தான் சொன்னார், இப்போது அவர்கள் இருவரும் இல்லை. நம் கல்யாணத்துக்கு மறுநாள் நீ என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் என் காதில் சொல்லி, திருப்பிச் சொல்லவைத்தாய். இந்த ஊரில் படகு வைத்திருப்பவன் தன் அடையாளத்தைப் படகை ஏற்கும் மகனை விட்டால் கட்டியவளுக்குத்தான் சொல்வான், பெற்ற தாய்க்குக்கூடச் சொல்ல மாட்டான். மோதிரம் கடையில் கிடைக்கும், இது கிடைக்காது என்று நீதானே சொன்னாய்!

உன்னையும் என்னையும் விட்டால் அந்த இடத்துக்கு வருகிறவன் ஹோலிஸ் ஒருவன்தான். படகில் பாதி அவனுடையது, இன்ஜின் அவன் கையில். உன் காலத்தில் இருந்தது போலவே இப்போதும் அடையாளம் கண்ணில் படாதபடி கரைக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்தபடிதான் ஓட்டுகிறான். நான் முன்னால் உட்கார்ந்து கரையைப் பார்த்துக் கை காட்டுகிறேன். திரும்பி வரும்போதும் படகை நன்றாக வளைத்து, அந்த இடத்தை விட்டு விலகிய பிறகுதான் முகத்தைத் திருப்புகிறான். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணால் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ரம் கடையில் இரண்டு கிளாஸ் உள்ளே போனால் நாக்கு எங்கே நிற்கும்?

இன்று காலையில் நேராகவே கேட்டுவிட்டேன். முகம் கறுத்துப்போனான். "ஏ லிஸ்ட்ரா, ஆன்சிலோட அப்பா காலத்திலேர்ந்து இந்தப் படகுல இருக்கேன். அந்த எடத்திலேர்ந்து பாத்தா நம்ம ஊரு எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது. அதைப் போய்க் கேக்கறியே!" என்றான். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்கிறவனுக்கும் பேச்சு நன்றாகத்தான் வரும். இன்று படகில் அவன் கண் எங்கே போகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாய். இருந்தாலும் ஒரு வரி எழுது, என் மனம் ஆறும். குளிரில் காதை மூடிக்கொள். கர்த்தர் உன்னோடு இருப்பாராக.

உன் அன்பு மனைவி,
லிஸ்ட்ரா


ஆன்ஸ் மிராய்
பிப்ரவரி 9, 1988

அன்புள்ள ஆன்சிலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று கடிதம் போட்டால் ஒன்றுக்குப் பதில் எழுதுகிறவன், இந்த முறை உடனே எழுதிவிட்டாய். தபால்காரர் லூயிகூட, "ஆன்சிலுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

ஹோலிஸ்தான் சொல்லியிருப்பான், சந்தேகமே இல்லை, அவனைப் படகிலிருந்து இறக்கிவிடு என்று எழுதியிருந்தாய். நீ எழுதியபடியே செய்துவிட்டேன். உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். அவன் கண்ணாடிகளைக் கழுவிக் காய வைத்துக்கொண்டிருந்தான். இனி வர வேண்டாம், உன் பங்கு வீடு வந்து சேரும் என்றேன்.

"ஆன்சில் சொன்னானா, நீயா சொல்றியா?" என்று கேட்டான்.

ஆன்சில் எழுதியிருக்கிறான் என்றேன்.

"ஆன்சிலா சொன்னான்? அப்ப சரி" என்றான். மிச்சமிருந்த கண்ணாடிகளையும் கழுவி முடித்து, கயிற்றைச் சுருட்டி வைத்து, இன்ஜின் சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனான். திருடினவன் கத்துவான், சத்தியம் செய்வான் என்று நினைத்துப் போயிருந்தேன். அந்த "அப்ப சரி" ராத்திரியெல்லாம் காதுக்குள் இருந்தது. உன் மேல் அவனுக்குக் கோபம் வந்த மாதிரி இல்லை. உன்னைப் பற்றி ஏதோ புரிந்துகொண்ட மாதிரி இருந்தது.

நீ எழுதியதையும் மறுபடி மறுபடி படித்தேன். நான் கேட்டது வேறு. "நீ யாரிடமாவது சொன்னாயா?" என்பதுதான் என் கேள்வி. இரண்டு பக்கத்துக்கு ஹோலிஸைத் திட்டியிருக்கிறாயே தவிர, "நான் சொல்லவில்லை" என்ற ஒரு வரி இல்லை. எழுத மறந்திருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை கரைவலை இழுத்தார்கள். கயிற்றில் கை வைத்தவர்களுக்கெல்லாம் மீன் பங்கு உண்டல்லவா, நானும் போய் இழுத்தேன். வேண்டுமென்றே ஃபிட்ஸ்ராய்க்குப் பின்னால் நின்றுகொண்டேன். கயிற்றைப் பிடித்திருப்பவன் தொப்பியைக் கழற்ற முடியாது பார். ஆன்சிலை ஏன் மட்டும் நிறுத்திக்கொண்டார்கள் என்று கேட்டேன். இழுத்துக்கொண்டே இருந்தான். மறுபடி கேட்டேன். "அதை அவனையே கேளு, லிஸ்ட்ரா. என் வாயால வேணாம்" என்றான். பிறகு தன் பங்கு மீனில் பாதியை எடுத்து என் வாளியில் போட்டான். செத்த வீட்டுக்குத்தான் இப்படிக் கொடுப்பார்கள்.

இன்னொன்று. அந்தப் பெண் இந்த மாதக் கடைசியில் வருகிறாளாம். கனடாவிலிருந்து, ஒன்டாரியோவிலிருந்து. ஊர்ப் பெயரை ஜாய்ஸ்லின் சொன்னபோது நான் உறைமேல் எழுதும் அதே பெயராக இருந்தது. வீட்டுக்கு வந்து உன் உறைகளையும் எடுத்துப் பார்த்தேன், தபால் முத்திரையிலும் அதே பெயர். பெரிய பட்டணமாக இருந்தால் நான் ஏன் சந்தேகப்படப் போகிறேன்? மனிதர்களைவிட ஆப்பிள் மரங்கள் அதிகம் என்று நீயே எழுதிய ஊர் அது.

நம் படகில்தான் அவளை அழைத்துப்போகப் போகிறேன். வேறு படகுக்குப் போகவிட மாட்டேன். அதற்கு முன் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால் நல்லது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மனைவி,
லிஸ்ட்ரா


ஆன்ஸ் மிராய்
மார்ச் 8, 1988

ஆன்சிலுக்கு,

உன்னிடமிருந்து எந்த வார்த்தையும் வரவில்லை. அவள்தான் வந்தாள்.

பெயர் நோரின், உனக்குத் தெரியும். உன் முதலாளியின் தங்கை, புருஷனை இழந்தவள். நல்ல உயரம், மூக்கெல்லாம் புள்ளி, கை காய்த்துப் போயிருக்கிறது. உழைக்கிறவள் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆளைப் பார்த்ததும் வெறுத்துவிடலாம் என்று தயாராகப் போனேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானே லிஸ்ட்ரா? ஆன்சில் உங்களைப் பத்தி எவ்வளவு சொல்லுவாரு தெரியுமா! எங்க அக்கா இல்லேன்னா அந்தப் படகே இல்லேம்பாரு" என்றாள்.

நான் உனக்கு அக்கா. இருபது வருடம் உனக்குச் சோறு வடித்தவள் உனக்கு அக்கா!

தனியாகப் படகை ஓட்டிக்கொண்டு அடையாளமும் பார்க்க முடியாது. என்ன செய்வது என்று படகுத்துறையில் நின்றபோது ஹோலிஸ் வந்தான். கூப்பிடாமலே வந்தான். ஏறி இன்ஜினுக்குப் பக்கத்தில் வழக்கம்போல் கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். நான் சாவியைக் கொடுத்தேன்.

அவளுக்கு நீர் ஒழுகும் கண்ணாடியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அந்த அளவுக்குத்தான் என்னால் கெட்டவளாக முடிந்தது. வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அவள் மேஜையில்தான் சாப்பிடுகிறாயாம். அவளுக்கு நண்டுக் குழம்பும் மாவு உருண்டையும் செய்யச் சொல்லிக் கொடுத்தாயாம், அந்தக் குளிரில் நண்டுக்கு எங்கே போனீர்களோ! நீலக் கம்பளிச் சட்டை எனக்குச் சரியாக இருந்ததா என்று கேட்டாள், கழுத்தில் பூ வேலை அவள் கையால் போட்டதாம். அழகாக இருந்தது என்றேன். பொய் இல்லையே.

வேறு படகுக்காரர்கள் பின்தொடர்ந்தால் நாம் என்ன செய்வோமோ அதையே செய்தேன். இடம் வருவதற்கு முன்னாலேயே கையைத் தூக்கி, இதுதான் என்று சொல்லி, ஹோலிஸை இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். கீழே மணலும் இரண்டு திருக்கையும் மட்டும்தான். அவள் தண்ணீரில் குதிப்பாள், குதித்துவிட்டால் என் சந்தேகமெல்லாம் வீண், வீட்டுக்குப் போய் மண்டியிட்டு உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். கர்த்தர் சாட்சியாக, அப்படி நடக்கவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன்.

அவள் குதிக்கவில்லை. எழுந்து நின்று நெற்றியில் கையை வைத்துக் கரையைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் போகணும் இல்லையா? சர்ச் கூரை இன்னும் மரத்து மேல வந்து..." என்று தொடங்கினாள்.

ஹோலிஸ் என்ன செய்தான் தெரியுமா? இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, தொண்டை கிழிய ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைப் பாடத் தொடங்கிவிட்டான். சர்ச்சில் வாயே திறக்காதவன். கூழைக்கடாக்கள்கூடப் பயந்து எழுந்து பறந்தன. நோரின் விழித்தாள். "அவருக்கு என்ன ஆச்சு?" என்றாள். நம்பிக்கைக்குரியவன், அவ்வளவுதான் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அந்த மனிதனைத்தான் நீ படகிலிருந்து இறக்கிவிடச் சொன்னாய். அந்த மனிதனைத்தான் நானும் இறக்கிவிட்டேன்.

யார் உங்களுக்கு அடையாளம் சொன்னது என்று கேட்டேன். "ஆன்சில்தான். ஒரு நாள் என் கையைப் பிடிச்சு, காதுல சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னாரு. பாடம் ஒப்பிக்கிற மாதிரி" என்று சிரித்தாள். அவளுக்கு அது வெறும் வழி, ஆன்சில். ஒருவன் அதைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாய். வேறு எதை வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம்.

அவளைத் திருப்பி அழைத்துவந்திருக்கலாம். மனம் வரவில்லை. சரியான இடத்துக்குப் போனோம். அவள் கண்ணாடியை வாங்கிக்கொண்டு என் கண்ணாடியைக் கொடுத்தேன். எச்சில் தடவிக் கழுவி நானே மாட்டிவிட்டேன். இரண்டு பேரும் இறங்கினோம். கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கிற சத்தம் அன்று தெளிவாகக் கேட்டது. எட்டா டீச்சர் இடுக்கிலிருந்து மெதுவாக வெளியே வந்து, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறி முறைத்துவிட்டு, மூச்சு வாங்க மேலே போனது. போகும் வழியில் துடுப்பு என் தோளில் பட்டது. நோரின் என் கையைப் பிடித்து அழுத்தினாள். மேலே வந்து கண்ணாடியைக் கழற்றியபோது அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில்தான். நானும் அழுதேன். உப்புத் தண்ணீரில் யாருக்கு என்ன தெரியும்?

அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கும் கூப்பிடவில்லை. சுவரில் நம் கல்யாணப் படம் இருக்கிறது. அவள் நல்லவள், ஆன்சில். அந்தப் படத்தைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டியவன் நீ. நான் சொன்னால் அது சண்டை, நீ சொன்னால்தான் உண்மை. அவள் வெள்ளிக்கிழமையே விமானம் ஏறிவிட்டாள். இந்தக் கடிதம் வருவதற்குள் உன் ஞாயிற்றுக்கிழமை மேஜைக்குத் திரும்பியிருப்பாள்.

அவள் போன பிறகு ஹோலிஸ் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டேன். "விடு, லிஸ்ட்ரா. உள்ள வந்து கலலூக் கீரை சாப்பிட்டுப் போ" என்றான். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். "நீ வந்து ஆன்சில் சொன்னான்னு சொன்னப்பவே. நான் பாக்கலேன்னு எனக்குத் தெரியும், நீ சொல்ல மாட்டேன்னும் தெரியும். அப்புறம் மிச்சம் யாரு?" என்றான். இவ்வளவு எளிதான கணக்கு எனக்கு ஏன் வரவில்லை? போட விருப்பமில்லை, அதனால்தான். சாப்பிட்டு முடித்ததும் அவனிடம் கோடரி கேட்டேன்.

முனையில் இருந்த வாதுமை மரம் இப்போது இல்லை. அது என் அப்பா நிலத்து மரம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஹோலிஸ்தான் வெட்டினான். "நல்லா யோசிச்சியா?" என்று கேட்டுக் கேட்டு வெட்டினான். உட்கார இடம் போன பறவைகள் சாயங்காலம் வரை சுற்றிச் சுற்றிக் கத்தின. உன் அப்பாவும் நீயும் அந்த மரத்தைப் பார்த்துத்தான் வாழ்ந்தீர்கள்.

பாறைப் பிளவும் மலையும் இன்னும் இருக்கின்றனவே என்று நீ நினைப்பாய். இருக்கின்றன. அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு நாளெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கலாம். மரத்தை வெட்டுவதற்கு முன் நான் அந்த இடத்தில் நங்கூரம் போட்டு உட்கார்ந்து, கரையை வெகுநேரம் பார்த்து, வேறோர் அடையாளம் எடுத்துவிட்டேன். ஹோலிஸ் அப்போதும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது எட்டா டீச்சர் இருக்கும் இடம் இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நான் கடிதத்தில் எழுதப் போவதில்லை. வேண்டுமென்றால் நீ வரவேண்டும். வந்து, அவளிடம் என்ன சொன்னாய் என்று சொல்லிவிட்டு, அன்று நான் உட்கார்ந்த மாதிரி படகில் என் முன்னால் உட்கார வேண்டும். உன் காதில் சொல்கிறேன். நீ திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் அந்த ஆசை இருக்கிறது, அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

ஈஸ்டருக்கு வருகிறேன் என்றாய். பெரிய வெள்ளியன்று இங்கே யாரும் கடலில் இறங்குவதில்லை, மீனாகிவிடுவோம் என்ற பயம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. ஞாயிறு சர்ச். உயிர்த்தெழுந்த கர்த்தர் உன்னைப் பத்திரமாக வழி நடத்திக் கொண்டுவரட்டும். அது வரைக்கும் உன் தட்டு மேஜையில் இருக்கும்.

திங்கட்கிழமை காலையில் படகு எடுப்போம். அன்றும் நீ வந்து சேரவில்லை என்றால், ஹோலிஸைத் திரும்பி உட்காரச் சொல்வேன், கரையைப் பார்த்து.

இன்னும் உன் மனைவி,
லிஸ்ட்ரா